யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975)

ஈழத்துத் தவில் மேதை. இணுவிலைச் சேர்ந்த தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகன். தகப்பனாரிடம் தொடங்கிய பயிற்சி பின்னர் தமிழ்நாட்டில் நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடம் தொடர்ந்தது. மணம் முடித்து அளவெட்டியில் குடியேறினார். அதனால் அளவெட்டித் தெட்சணாமூர்த்தி என்றும் அறியப்படுகிறார்.

யாழ்ப்பாணத்து மேளக் கலை தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்தது. அங்கிருந்து வந்த கலைஞர் பலர் குடாநாட்டிலேயே தங்கினர்; இணுவிலும் அளவெட்டியும் மேளகாரரின் ஊர்களாயின. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருக்கு உரியது. தம் திருவிழாவே சிறக்கவேண்டும் என்ற போட்டியில் இந்தியாவிலிருந்தும் பெரிய கூட்டங்களை அழைத்தார்கள். ஒரே வீதியில் இரு கரைக் கலைஞர்களும் விடியுமட்டும் வாசிக்க, சனம் நிலத்திலிருந்தபடி தாளம் போட்டுக் கேட்டது. தெட்சணாமூர்த்தியை வளர்த்த பெரிய பள்ளிக்கூடம் அந்த வீதிதான்.

தவிலின் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி வாசிப்பர். மறுபக்கமான தொப்பியைக் கழியால் அடிப்பர். இரண்டு கையும் ஒன்றையொன்று மூடிவிடாமல் ஒலிப்பது கடினம், வேகம் கூடும்போது இன்னும் கடினம். அவருடைய வாசிப்பில் அதிவேகத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிந்து விழுந்தது. சிக்கலான கணக்குகளை எடுத்து, சமத்தில் பிசகாமல் கொண்டுவந்து சேர்ப்பார். என்றாலும் கணக்கு அவருக்கு இசைக்குப் பிறகுதான். அளவெட்டி நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதன் போன்றோருக்கு வாசிக்கையில் கீர்த்தனையின் போக்கறிந்து அடங்கி நின்றார். தனி ஆவர்த்தனம் வந்ததும் பொங்கினார். தமிழ்நாட்டு நாதஸ்வரக் கச்சேரிகளிலும் அவர் தவில் ஒலித்தது. தஞ்சாவூரிலிருந்து வாங்கிய கலையை யாழ்ப்பாணம் அந்தத் தஞ்சாவூரே வியக்கும்படி திருப்பிக் கொடுத்தது. ஈழத்து இசை வரலாற்றில் இதற்கு நிகராகச் சொல்ல அதிகம் இல்லை.

1975-இல், நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில் காலமானார். மகன் உதயசங்கரும் தவில் கலைஞர். அம்ஷன் குமார் தெட்சணாமூர்த்தியைப் பற்றி இயக்கிய ஆவணப்படம் 2015-ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருது பெற்றது.

அவர் வாசிப்பில் பெரும்பங்கு கோயில் வீதிகளோடு போயிற்று. மிஞ்சியவை பெரும்பாலும் இரசிகர்கள் பதிந்து வைத்த நாடாக்களே. போரும் இடப்பெயர்வும் அவற்றிலும் பலவற்றைத் தின்றிருக்கும். அப்படியொரு நாடா வீட்டில் இருந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன் எண்ணிமப்படுத்தக் கொடுத்துவிடுங்கள்.