கடுங்காப்பிக்குப் பக்கத்தில் என்ன இருக்கு? கரிசல்காட்டுக் காப்பி வரலாறு

1) கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "காப்பி குடிக்கிறீகளா?" பல வீடுகளில் வருவது ஃபில்டர் காப்பி இல்லை. பால் விடாத, கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. இது எங்கிருந்து வந்தது, நம்ம உடம்புல என்ன செய்யுதுன்னு இந்த இழையில் பார்ப்போம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசிங்க.

2) முதல்ல கிரேக்க நாட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம். அங்கே வீட்டுல காப்பி போட 'பிரீக்கி'ன்னு நீளக் கைப்பிடி வச்ச ஒரு சின்னப் பாத்திரம் உண்டு. தண்ணீர், மாவு மாதிரி அரைச்ச காப்பித்தூள், சர்க்கரை மூணையும் ஒண்ணாப் போட்டு சிறு தீயில் வைப்பாங்க. நுரை பொங்கி வரும்போது இறக்கி, வடிகட்டாம அப்படியே சின்னக் கோப்பையில் ஊத்துவாங்க. மண்டி அடியில தங்கும். மேல் தெளிவை உறிஞ்சிக் குடிக்கணும். பக்கத்துல ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி கண்டிப்பா இருக்கும்.

3) இப்ப நம்ம அடுப்புக்கு வாங்க. கருப்பட்டியைத் தட்டி, தண்ணியில கரைச்சு, மண் போக வடிகட்டுறோம். அதைக் கொதிக்க வச்சு, தூளைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி மூடி வைக்கிறோம். மண்டி அடங்கினதும் தெளிவை இறுக்கிறோம். வீட்டைப் பொறுத்து சுக்கு, மல்லி சேரும். வேலை ஒண்ணுதான்: தூளைத் தண்ணியிலேயே கொதிக்க விட்டு, மண்டியைப் படிய விடுறது.

4) இரண்டுக்கும் மூலம் ஏமன். 15ஆம் நூற்றாண்டில் அங்கே சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூக்கம் வராமல் இருக்கக் காப்பி குடித்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் காப்பிக் கடைகள் வந்துவிட்டன. கிரேக்கம் அப்போது உதுமானியர் ஆட்சியில் இருந்தது. அதனால் அங்கேயும் 'துருக்கிக் காப்பி' என்றுதான் ரொம்ப காலம் பெயர். 1974இல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கிய பிறகே 'கிரேக்கக் காப்பி' என்ற பெயர் அழுத்தமாக நிலைத்தது. காப்பி மாறலை, பேரு மாறிச்சு.

5) நம்ம பக்கம்? 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் ஏமனில் இருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பெரிய தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் போட்டவை. இலங்கைக் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போனது மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி போன்ற தமிழ் மாவட்டங்களில் இருந்து. 1869இல் அங்கே இலைத்துரு நோய் விழுந்து காப்பி அழிய, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. யோசிச்சுப் பாருங்க: நம்ம வறண்ட சீமை சனங்கள் காப்பியைக் குடிக்கும் முன்பே பறித்தவர்கள்.

6) அப்போ காலையில என்ன குடிச்சாங்க? நீராகாரம், கம்மங்கூழ், சோளக்கூழ். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் காப்பி நகரத்து நடுத்தர வீடுகளில் பாலோடும் ஃபில்டரோடும் குடியேறியது. பழைய சாதம் போச்சே என்று அன்றைக்குப் பத்திரிகைகள் புலம்பியதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் வாசிக்கலாம்.

7) கரிசலுக்கு வந்தபோது காப்பி பாலைக் கழற்றிவிட்டது. மானாவாரி பூமி. மழை பொய்த்தால் மாட்டுக்கும் தீவனம் இல்லை. கறந்த பாலையும் விற்றால்தான் காசு. கருப்பட்டியோ வேம்பார், உடன்குடி பக்கம் இருந்து வந்துவிடும். கடுங்காப்பி பிறந்தது ருசிக்காக மட்டும் இல்லை, இல்லாமைக்காகவும்தான்.

8) காப்பி எதுல வருதுங்கிறதும் வரலாறுதான். நம்ம தென்மாவட்டக் கடைகளில் ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்குத் தனிக்குவளை அல்லது சிரட்டை என்று இருந்தது. 1955லேயே தீண்டாமையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தும், இரட்டைக் குவளை அதன்பின் பல பத்தாண்டுகள் நீடித்தது. உபசரிப்பு என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லணும்.

9) இனி டாக்டர் பேச்சு. வடிகட்டாத காப்பியில் 'கஃபெஸ்டால்' என்ற எண்ணெய்ப்பொருள் தங்கிவிடும். அது கெட்ட கொழுப்பைக் கூட்டும். கொதிக்க வைத்த காப்பி குடிக்கும் நார்வேக்காரர்களிடம் 1983இல் வந்த டிரோம்சோ ஆய்வு இந்தத் தொடர்பை முதலில் கவனப்படுத்தியது. காகித வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துவிடும். தெளிவை இறுத்தால் மட்டும் போகாது. ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு டம்ளர் குடிக்கிறவங்க பயப்பட வேண்டாம். கொழுப்பு அதிகம் உள்ளவங்க, ஆறு ஏழு தடவை குடிக்கிறவங்க குறைங்க.

10) அதைவிட முக்கியம் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. காப்பியில் உள்ள பாலிஃபீனால்கள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச விடாது. சாப்பாட்டோடு குடித்தாலும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் இந்தத் தடை உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடித்தால் இல்லை.

11) கர்ப்பிணிகளுக்கு அரசு 180 நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்குது. ஓபியில் "சத்து மாத்திரை எப்படிம்மா போடுறீங்க?"ன்னு கேட்டா, "காப்பியோட முழுங்கிருவேன் சார்" என்று பதில் வரும். மாத்திரை வயித்துக்குள்ள போகுது, ரத்தத்துக்குப் போறது குறைஞ்சிருது. தீப்பெட்டி ஆபீஸுக்கும் காட்டுக்கும் விடியுமுன்னே கிளம்புற பெண்களுக்குக் கடுங்காப்பிதான் காலைச் சாப்பாடே. அது பசியை அமர்த்தும், சத்து தராது.

12) "சீனி இல்ல சார், கருப்பட்டிதான்" என்று சொல்லும் சுகர்காரர்களுக்கு: கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, உண்மை. ஆனா சுகர் ஏறும்.

13) ஆக, கடுங்காப்பியை விடச் சொல்லலை. கிரேக்கக்காரர் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணி வைக்கிறார். நம்ம டம்ளருக்குப் பக்கத்தில் என்ன இருக்குன்னு பாருங்க. எழுந்ததும் காப்பி குடிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு நீராகாரமோ கம்மங்கூழோ வயிறாரச் சாப்பிடுங்க. சத்து மாத்திரையைத் தண்ணியோடவோ எலுமிச்சைச் சாறோடவோ, காப்பிக்கு ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க.

வீட்டுல கர்ப்பிணிப் பெண் இருந்தா 10, 11ஐ மட்டுமாவது வாசிச்சுக் காட்டுங்க.