லைடார்: வனக் காபன் அளவீடு

லேசர் துடிப்பு திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரம் அறியும் தொலையுணர்வு முறை. துடிப்பில் ஒரு பங்கு மரமுடியிலும் ஒரு பங்கு கிளைகளிலும் மிச்சம் தரையிலும் பட்டுத் திரும்பும். மரமுடிக்கும் தரைக்கும் இடையிலான இந்த உயரத்தை, களத்தில் நாடா பிடித்து அளந்த அடிமரச் சுற்றளவோடு பொருத்தி உயிர்த்திணிவைக் கணிப்பர்; உலர்நிறையில் ஏறக்குறையப் பாதி காபன்.

2018 டிசம்பரில் விண்ணேறிய நாசாவின் ‘கெடி’ கருவி, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இலங்கை உட்பட வெப்பமண்டலக் காடுகளை அளக்கிறது. இலங்கையின் பொகவந்தலாவை போன்ற மலைப்பகுதி அதற்குச் சிக்கலான இடம்தான். 25 மீட்டர் அகல ஒளிவட்டம் செங்குத்துச் சரிவில் விழுந்தால், மேட்டுத் தரையின் சமிக்ஞை பள்ளத்து மரமுடியினதோடு கலந்து உயரம் பிசகும். தேயிலைக்கு நிழல்தரும் கிரவீலியாவையும் சிவனொளிபாதமலை வனத்து மரத்தையும் உயரம் மட்டும் பிரித்துக் காட்டாது. பருவமழைக் காலத்தின் அடர்மேகத்தை லேசர் ஊடுருவுவதுமில்லை.