சில்காவுக்கு ஒரு கடிதம்: வரிக்கு வரி உரை

கடற்படைப் பயிற்சிக்குப் போன மகளுக்குத் தாய் எழுதும் கடிதம் இது. யார் வீட்டுப் பெட்டியிலிருந்தும் எடுத்ததல்ல; நாங்குநேரி, விஜயநாராயணம் பக்கத்துத் தாய்மார் பேசும் பேச்சை வைத்து நானே எழுதியது. மகள் இருப்பது ஒடிசாவில், சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில். கடற்படை மாலுமிகளின் முதல் பயிற்சி அங்கேதான். இந்த மகளைப் போல நான்கு ஆண்டு அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்களுக்கு அது 16 வாரம். அந்த 16 வாரத்தில் பெற்றோர் கைக்கு எட்டுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை இந்தத் தாய் எப்படிச் செய்கிறாள் என்று பார்ப்போம்.

"ஏட்டி, நல்லாருக்கியா? இங்க எல்லாரும் சொகம்."

எல்லாக் கடிதமும் இப்படித்தான் தொடங்கும். ஆனால் 'எல்லாரும் சொகம்' என்பது உண்மையாக இருக்க வேண்டும். ஆச்சிக்கு மூட்டுவலி, மாட்டுக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் எழுதாமல் விடலாம். சாவை மறைப்பது வேறு. பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று பயந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு சொல்லும் வீடுகளை நான் அறிவேன். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறை 'சொகம்' என்று படிக்கும்போதும் சந்தேகப்படும். தூரத்தில் இருப்பவருக்கு வீட்டின் சொல்லைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. அதைக் கெடுக்கக் கூடாது.

"நீ போட்டுட்டுப் போட்டுட்டுக் கழத்துன சுடிதாரெல்லாம் துவைச்சு பீரோல வச்சாச்சு."

அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி முகாமும் ஓர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது: மிச்சிகன் ஏரியை ஒட்டிய கிரேட் லேக்ஸ். அங்கே சேருகிறவர்கள் தாங்கள் உடுத்தி வந்த துணியைப் பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். பிள்ளை இல்லாமல் துணி மட்டும் வந்து சேரும் அந்த நாளில்தான் பல தாய்மார் முதன்முதலாக உடைந்து அழுகிறார்கள். நம் வீடுகளில் பெட்டி வருவதில்லை. துணி இங்கேயே கொடியில் கிடக்கிறது. துவைத்து வைத்ததைச் சொல்வதன் மூலம், மகளின் அறையைக் கலைக்காமல் வைத்திருப்பதை இந்தத் தாய் சொல்லிவிடுகிறாள். அழுததைச் சொல்லவில்லை.

"அங்க யாரும் ஏசுனா, உன்னைய ஏசுதாவன்னு நெனைக்காத."

கடிதத்தின் முதல் கனமான வரி. கப்பலில் தீப்பிடித்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ காரணம் சொல்லி வேலை வாங்க நேரம் இருக்காது. சொன்ன நொடியில் நூறு கைகள் ஒன்றாக அசைய வேண்டும். அந்தப் பழக்கத்தை அதிகாலை பி.டி.யிலும் பரேடு மைதானத்திலும் உரத்த குரலில்தான் ஏற்றுகிறார்கள். பயிற்றுநரின் கோபம் ஒரு பெண் மீதல்ல, வரிசை மீது. ஆனால் பதினெட்டு வயதில் இது புரிவது கடினம். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று கட்டளைகள் இந்தியில் வரும். மற்றவர்கள் திரும்பிய பிறகு இவள் அரை நொடி பிந்தித் திரும்புவாள், ஏச்சு விழும். தான் மட்டும் மந்தம் என்று நினைத்துக்கொள்வாள். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியலுக்கு முன் ஓடி ஓடி, 1.6 கிலோமீட்டரை 8 நிமிடத்துக்குள் முடித்துத் தேர்வான கால்கள் அவளுடையவை. கால் தோற்கவில்லை, காது பழகவில்லை, அவ்வளவே. சில வாரத்தில் பழகிவிடும். அந்தச் சில வாரத்தைத் தாண்ட இந்த ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன்.

"சாப்பாடு பிடிக்கலன்னாலும் வயிறு நெறையத் தின்னு. முந்திரிக்கொத்து நீ வந்தப்புறம் சுட்டுக்கிடலாம்."

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்து மாலுமிகள் மோசமான உணவை மறுத்ததில் தொடங்கியதுதான் கடற்படை எழுச்சி. அவமதிப்பும் விடுதலை வேட்கையும் அதில் சேர்ந்திருந்தன. ஆனால் முதலில் தள்ளிவைக்கப்பட்டது தட்டு. இன்றைய நிலைமை வேறு. இன்றுள்ள சிக்கல் பழக்கம்தான்: இட்லிக்கும் சொதிக்கும் வளர்ந்த நாக்கு ரொட்டிக்குத் திரும்ப வேண்டும். பார்சல் அனுப்பாமல் தாய் கையைக் கட்டிக்கொள்கிறாள். அது அவளுக்கு எளிதல்ல.

"துட்டு ஒண்ணும் அனுப்பாண்டாம். அப்பா கடன அப்பா பாத்துக்கிடுவாவ."

கணக்கைப் பார்ப்போம். 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய், கையில் வருவது 21,000. அரசும் தன் பங்குக்கு அதே அளவு போடுகிறது. நான்கு ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாகச் சுமார் 10 லட்சம் கிடைக்கும். ஓய்வூதியம் கிடையாது. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் 25 சதவீதம் வரை மட்டுமே. அதாவது இருபத்திரண்டு வயதில் அந்தப் பெண் மறுபடி வேலை தேடி நிற்கக்கூடும். அந்தப் பணம் அவளுடைய அடுத்த படிப்புக்கு, அடுத்த தொழிலுக்கு. முதல் மாதச் சம்பளம் வந்ததுமே கூரை ஒழுகுவதையும் சீட்டுப் பாக்கியையும் நினைவூட்டும் வீடுகள் இருக்கின்றன. வறுமைதான் காரணம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் இந்தத் தாய் செய்ததே சரி.

"பதில் போடணும்னு கெடையாது. நான் ஞாயித்துக்கெழம தோறும் எழுதுவேன்."

இந்த வரிக்காகத்தான் உரை எழுத உட்கார்ந்தேன்.

விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. 1990 அக்டோபர் 20 அன்று பணிக்கு வந்தது. அங்கே கப்பல் இல்லை, வானுயர்ந்த கோபுரங்கள்தான். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் அது. சாதாரண வானொலி அலை உப்புநீரில் நுழைந்ததும் மடிந்துவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலை, ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் நீளமுள்ளது, கடலுக்குள் சில பத்து மீட்டர் வரை இறங்கும். நீருக்கடியில் இருப்பவர்கள் அதைக் கேட்கலாம். அதே வழியில் பதில் சொல்ல முடியாது. அதற்கு வேண்டிய பிரம்மாண்டமான கோபுரத்தை எந்தக் கப்பலும் சுமக்க முடியாது. கரையில் இருப்பவர் பதில் வராது என்று தெரிந்தே அனுப்புகிறார்.

பயிற்சிக் காலத்துப் பெற்றோரின் நிலை இதுதான். கைபேசி எந்நேரமும் பிள்ளை கையில் இருக்காது. அனுமதி கிடைக்கும்போது வரும் அழைப்பில், "ஏன் போன வாரம் பேசல?" என்று தொடங்கினால் இருந்த சில நிமிடமும் விளக்கம் சொல்வதில் போய்விடும். பிறகு அவள் பேசவே தயங்குவாள். பதிலை எதிர்பாராமல், ஆனால் தவறாமல் எழுதுவது வேறு வகை வேலை. நன்றாக எழுத வேண்டும் என்பதில்லை. ஆற்றில் தண்ணீர் போகிறது, நடவு முடிந்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, எதுவானாலும் போதும். தவறாமல் வருவதுதான் செய்தி.

"எது எப்பிடி ஆனாலும் நம்ம வீடு இங்கதான் இருக்கு."

'பிடிக்கலன்னா வந்துரு' என்று அவள் எழுதவில்லை. எழுதியிருந்தால் தவறு. ஒப்பந்தக் காலத்துக்குள் சொந்த விருப்பத்தில் விலகிவிட இயலாது. மிக அரிதாகவே அதற்கு இடம் உண்டு. மறுபக்கம், பயிற்சியில் தேறாதவரைத் தகுதியில்லை என்று கடற்படை எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கலாம். உடல்நிலை காரணமாகவும் திருப்பி அனுப்பலாம். அப்படித் திரும்பும் பிள்ளைக்கு மிகப் பெரிய பயம் ஊர் முனையில் நாம் வைத்த வாழ்த்துப் பலகைதான். 'நேவிக்காரி' என்று பேனர் கட்டும் முன் அதை யோசிக்க வேண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரும் கையெழுத்திடுகிறார்கள். அந்தக் கையெழுத்து வெற்றிக்கு மட்டும் போட்டதல்ல.

"பரேடு அன்னைக்கு நானும் அப்பாவும் வாரோம்."

முதல் அக்னிவீரர் அணி 2023 மார்ச் 28 அன்று சில்காவில் பயிற்சி முடித்தது. சுமார் 2,600 பேர். அவர்களில் 270-க்கு மேற்பட்டோர் பெண்கள். பொழுது சாய்ந்த பிறகு விளக்கொளியில் நடந்த அணிவகுப்பு அது. பயிற்சி முடிந்ததும் பிள்ளை வீட்டோடு வந்துவிடுவதில்லை. அடுத்து லோனாவ்லாவின் 'சிவாஜி', ஜாம்நகரின் 'வல்சுரா' என்று தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டும். ஆகவே பார்க்கப்போவது சில மணி நேரம்தான். அதற்கு இரண்டு பேருக்கு அவ்வளவு செலவா என்று அப்பா கணக்குப் போடுவார். திருநெல்வேலி வழியே போகும் கன்னியாகுமரி–ஹவுரா வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கும். தேதி தெரிந்த அன்றே இரண்டு சீட்டும் எடுத்துவிடுங்கள், அப்பாவுக்கும் சேர்த்து.