ஒயினும் பாலாடைக்கட்டியும்: சுவைப்பு நிகழ்வை நடத்துவோர் அறிய வேண்டியவை

ஒயினை வாங்கும்போது ஆப்பிளுடன் சுவைத்துப் பார்க்க வேண்டும், விற்கும்போது பாலாடைக்கட்டியுடன் பரிமாற வேண்டும் என்ற வழக்கு ஐரோப்பிய ஒயின் வணிகர்களிடையே நெடுங்காலமாக உண்டு. ஆப்பிளின் இனிப்பும் புளிப்பும் ஒயினின் குறைகளைக் காட்டிக்கொடுக்கும். பாலாடைக்கட்டி அவற்றை மறைத்துவிடும் என்பதே இதன் பொருள். மகாராஷ்டிரத்தின் நாசிக் திராட்சைத் தோட்டங்களிலும் மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களின் இல்லங்களிலும் ஒயின் சுவைப்பு நிகழ்வுகள் இன்று புதியவை அல்ல. பெரும்பாலும் பாலாடைக்கட்டித் தட்டு ஒன்றும் உடன் வைக்கப்படுகிறது. எனவே, நிகழ்வை நடத்துவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. விருந்தினர் ஒயினை மதிப்பிட வந்திருக்கிறார்களா, ஒயினும் பாலாடைக்கட்டியும் சேர்ந்து தரும் சுவையை அனுபவிக்க வந்திருக்கிறார்களா என்பதே அது.

இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெர்னிஸ் மாட்ரிகல்-கலான், ஹில்டகார்ட் ஹைமான் ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சுவைஞர்களுக்குச் சிவப்பு ஒயின்கள் முதலில் தனியாகவும், பின்னர் எட்டு வகைப் பாலாடைக்கட்டிகளுடனும் அளிக்கப்பட்டன. பாலாடைக்கட்டியை உண்டபின் ஒயினின் பழ மணம், ஓக் மர மணம், புளிப்பு, துவர்ப்பு ஆகிய அனைத்தும் மங்கித் தோன்றின. கூடுதலாக உணரப்பட்டது வெண்ணெய் மணம் மட்டுமே. அதற்கும் பாலாடைக்கட்டியே காரணமாக இருக்கக்கூடும்.

பத்தாண்டுகளுக்குப் பின், 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒயினும் பாலாடைக்கட்டியும் அடிக்கடி உண்ணும் 31 சாதாரண நுகர்வோர் அதில் பங்கேற்றனர். பாலாடைக்கட்டிக்குப் பின் அருந்திய ஒயினில் துவர்ப்பின் ஆதிக்கம் குறைந்ததாகவும், ஒயின் முன்பைவிடப் பிடித்திருந்ததாகவும் அவர்கள் தெரிவித்தனர். ஆக, பாலாடைக்கட்டி ஒயினின் நுட்பங்களை மறைக்கிறது. அதே வேளையில் அதை இனிமையாகவும் ஆக்குகிறது. நல்ல ஒயினும் சுமாரான ஒயினும் ஒன்றுபோல் தோன்றும் நிலை இதனால் உருவாகலாம். விலை உயர்ந்த புட்டியை வாங்கலாமா என முடிவெடுக்க விரும்புவோருக்கு இது சிறிய செய்தி அல்ல.

துவர்ப்பு ஏன் குறைகிறது?

திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உள்ளது. சிவப்பு ஒயின் தோலுடன் சேர்த்தே நொதிக்க வைக்கப்படுவதால் அதில் டானின் மிகுதி. உமிழ்நீரில் உள்ள புரதங்களுடன் டானின் பிணையும்போது வாயின் வழவழப்பு குறைந்து, நாக்கு உலர்ந்து இழுப்பதுபோல் தோன்றுகிறது. பாக்கு, வாழைப்பூ, பிஞ்சு மாவடு ஆகியவற்றில் நாம் உணர்வது இதுவே. துவர்ப்பு நாவின் சுவை அன்று, தொடு உணர்வே என்பது அறிவியலாளர் பலரின் கருத்து. அதை அறுசுவையுள் ஒன்றாக எண்ணிவந்த தமிழருக்கு இந்த வாதம் சற்று வியப்பளிக்கலாம்.

பாலாடைக்கட்டியின் கொழுப்பும் புரதமும் வாயில் படியும்போது டானின் அவற்றுடனும் பிணைகிறது. உமிழ்நீர்ப் புரதங்கள் அந்த அளவுக்குத் தப்புகின்றன. உப்பும் தன் பங்குக்குக் கசப்பையும் புளிப்பையும் தணிக்கிறது. ஆனால் எல்லாப் பாலாடைக்கட்டிகளும் இப்படி உதவுவதில்லை. நன்கு முதிர்ந்து உமாமி என்னும் சுவை மிகுந்த, ஆனால் உப்பு குறைந்த வகைகள் துவர்ப்பான சிவப்பு ஒயினை மேலும் கடுமையாக்கிக் காட்டும். சிவப்பு ஒயினும் பாலாடைக்கட்டியும் இயல்பாகவே பொருந்தும் என்ற பரவலான எண்ணம் முழுவதும் சரியன்று. வெள்ளை ஒயினே பெரும்பாலான பாலாடைக்கட்டிகளுடன் பொருந்துகிறது என்பது சுவைஞர் பலரின் அனுபவம்.

இதற்கெல்லாம் எளிய தீர்வு, ஒவ்வொரு ஒயினையும் இரு சுற்றுகளாகச் சுவைப்பதுதான். ஊற்றிய அளவில் பாதியைத் தனியாகச் சுவைத்து, கருத்தைத் தாளில் எழுதிய பின்னரே பாலாடைக்கட்டித் தட்டு மேசைக்கு வர வேண்டும். எஞ்சிய பாதியை அதனுடன் சுவைத்து, என்ன மாறியது என்பதை எழுதலாம். தட்டை முதலிலேயே வைத்துவிட்டால் விருந்தினரின் கை அதை நோக்கிச் செல்வதை யாராலும் தடுக்க முடியாது.

எவ்வளவு தேவை?

வழக்கமான ஒயின் புட்டி 750 மில்லிலிட்டர் கொள்வது. ஒருவருக்கு 50 மில்லிலிட்டர் வீதம் ஊற்றினால் ஒரு புட்டி 15 பேருக்குப் போதும். 10 முதல் 12 பேர் கொண்ட குழுவுக்கு வகைக்கு ஒரு புட்டி வாங்கினால் சிறிது மிஞ்சும். நான்கு அல்லது ஐந்து ஒயின்களுக்கு மேல் வைப்பதில் பயனில்லை. அதன்பின் நாவும் மூக்கும் சோர்ந்துவிடும். பாலாடைக்கட்டி, வகைக்கு ஒருவருக்கு 20 முதல் 25 கிராம் போதும். நான்கு வகை வைத்தால் தலைக்கு ஏறத்தாழ 100 கிராம்.

ஐந்து ஒயின்களையும் விழுங்கும் ஒருவர் 250 மில்லிலிட்டர், அதாவது புட்டியில் மூன்றில் ஒரு பங்கு அருந்துகிறார். மதுச்செறிவு 12.5 விழுக்காடு எனில் அதில் ஏறத்தாழ 25 கிராம் ஆல்கஹால் உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஓட்டுநரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது குற்றம். சாதாரண உடல் எடை கொண்ட ஒருவர் 25 கிராம் ஆல்கஹாலில் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடக்கூடும். தொழில்முறைச் சுவைஞர்கள் ஒயினை விழுங்காமல் உமிழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். விருந்தினர் ஒவ்வொருவர் முன்னும் ஒளிபுகாத குவளை ஒன்றை வைத்து, நடத்துபவரே முதலில் உமிழ்ந்து காட்டினால் பிறரின் கூச்சம் விலகும். வாகனம் ஓட்டி வந்தோர் திரும்பிச் செல்ல மாற்று ஏற்பாடு செய்வதும் அழைத்தவரின் பொறுப்பே. மதுவில் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெரிவித்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

வெப்பமும் மணமும்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற விதி ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. அங்கே அறை வெப்பம் என்பது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 32 டிகிரி நிலவும் இந்திய அறையில் வைத்த சிவப்பு ஒயினில் மதுவின் காரமே மேலோங்கும். பழ மணம் கலைந்துவிடும். ஆகவே சிவப்பு ஒயினையும் அரை மணி நேரமேனும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுக்க வேண்டும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரியும், நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரியும் ஏற்றவை. பாலாடைக்கட்டியைப் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியில் எடுக்குமாறு மேல்நாட்டு நூல்கள் கூறும். நம் கோடையில் 20 நிமிடங்களுக்கு மேல் வைத்தால் மென்மையான வகைகள் உருகி வழியும்.

மணம் குறித்தும் கவனம் தேவை. ஒயினின் சுவை எனக் கருதப்படுவதில் பெரும்பகுதி மூக்கின் வழியே உணரப்படுவது. ஊதுவத்தி, மல்லிகைச் சரம், அத்தர், அடுக்களையில் தாளிக்கும் பெருங்காயம் ஆகியவை எத்தனை இனிமையானவை எனினும் அன்று அவற்றுக்கு இடமில்லை. மிளகாய்க் காரமுள்ள நொறுக்குத் தீனியும் கூடாது. காரமும் மதுவும் சேர்ந்தால் எரிச்சல் பெருகும். சுற்றுகளுக்கு இடையே வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும்.

மணங்களை விவரிக்க வெளிநாட்டுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சாவிஞான் பிளாங்கில் கொய்யாவையோ பச்சை மிளகாயையோ முகர்பவர் அப்படியே எழுதலாம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை முகர்ந்தவருக்கு மஸ்கட் வகை ஒயினின் மணம் ஏற்கெனவே அறிமுகமானது. பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

எதனுடன் எது?

உண்ணும் திராட்சைக்குப் பெயர்பெற்ற நாசிக்கில் ஒயின் திராட்சை வேரூன்றியது 1990களின் பிற்பகுதியில். ராஜீவ் சமந்த் தொடங்கிய சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் முதல் ஒயின்களை வெளியிட்டது. மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கென வகுத்த கொள்கை, பல விவசாயிகளை இத்தொழிலுக்கு ஈர்த்தது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் கன்வல் குரோவரின் முயற்சி இதற்கும் முந்தையது. கடுங்குளிர் இல்லாததால் இங்கு கொடிகள் உறங்குவதில்லை. எனவே ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்து, ஒரு முறை மட்டும் அறுவடை எடுக்கின்றனர். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நடக்கும் அறுவடை, இங்கு ஜனவரி முதல் மார்ச் வரை நடைபெறுகிறது. தோட்டங்களில் சுவைப்பு நிகழ்வுகள் களைகட்டும் பருவமும் அதுவே.

இங்கு எளிதாகக் கிடைக்கும் சாவிஞான் பிளாங்க், புளிப்பு மிக்க உலர் வெள்ளை ஒயின். ஆட்டுப்பாலில் செய்த புதிய பாலாடைக்கட்டியுடன் அது ஒத்துப்போகும். பிரான்சின் லுவார் பகுதியில் சான்செர் ஒயினும் ஷாவிஞோல் ஆட்டுப்பால் கட்டியும் ஒரே மண்ணில் விளைந்து இணைந்தவை. நுரைக்கும் ஒயினின் புளிப்பும் குமிழிகளும் பிரீ போன்ற வெண்ணெய்த் தன்மையுள்ள கட்டியின் கொழுப்பை அறுத்து, வாயைத் தூய்மையாக்கும். காபர்னே சாவிஞான், ஷிராஸ் போன்ற துவர்ப்பு மிக்க சிவப்புகளுக்கு உப்பும் கொழுப்பும் நிறைந்த, முதிர்ந்த செடாரோ கௌடாவோ ஏற்றது. நீலப் பூஞ்சணம் படர்ந்த வகைகளுடன் உலர் சிவப்பு ஒயினை வைப்பதே பலர் செய்யும் தவறு. உலோகச் சுவை போன்ற கசப்பே மிஞ்சும். அவற்றுக்கு இனிப்பு ஒயினே துணை. தாமதமாக அறுவடை செய்த செனின் பிளாங்க் இந்தியாவிலேயே கிடைக்கிறது. பரிமாறும் வரிசையும் இதே அடிப்படையில் அமையும்: நுரைப்பது முதலில், பின் வெள்ளை, அடுத்து சிவப்பு, இறுதியில் இனிப்பு.

பாலாடைக்கட்டிக்கும் இறக்குமதியை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆரோவில்லின் லா ஃபெர்ம் பண்ணையில் பல வகைகள் செய்யப்படுகின்றன. ஜம்முவின் உதம்பூர் களாடி புவிசார் குறியீடு பெற்றது. அதன் கொழுப்பிலேயே வாட்டி, உப்பிட்டு, நுரைக்கும் ஒயினுடன் சூடாகப் பரிமாறினால் மேல்நாட்டுக் கட்டி எதற்கும் அது குறைந்ததன்று. போர்ச்சுகீசியர் காலத்து எச்சமான வங்கத்தின் பண்டேல், கொல்கத்தாவின் நியூ மார்க்கெட்டில் சிறு வட்டுகளாக விற்கப்படுகிறது. புகையூட்டிய பண்டேல் மிகுந்த உப்புடையது. ஊறவைத்தே உண்ண வேண்டும். கடைகளில் எங்கும் கிடைக்கும் பதப்படுத்திய பாலாடைக்கட்டியோ பால்மக் கலவைதான். எந்த ஒயினுடனும் அது பெரிதாக எதையும் பேசுவதில்லை.

சைவ உணவினர் விருந்தில் இருந்தால் இரு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னட் என்னும் உறைநொதி பல ஐரோப்பியக் கட்டிகளில் உண்டு. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் அது விதிப்படி கட்டாயம். நுண்ணுயிர் ரென்னட்டில் செய்தவை பச்சைப் புள்ளி தாங்கி வரும். ஒயினைத் தெளியவைக்கவும் சிலர் முட்டை வெண்கருவையோ மீன் பசையையோ பயன்படுத்துவதுண்டு. இதைத் தயாரிப்பாளரிடம் கேட்டறியலாம்.

பெயர் அறியாமல் சுவைத்தல்

புட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி எண்ணிட்டு வைத்தால் விலையும் பெயரும் கருத்தைத் திருப்பாது. 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்களே தம் நாட்டுப் புகழ்பெற்ற ஒயின்களை விடுத்து, கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மோன்டலேனா வெள்ளைக்கும் ஸ்டாக்ஸ் லீப் சிவப்புக்கும் முதலிடம் அளித்தது பெயர்கள் மறைக்கப்பட்டதால்தான். இந்திய ஒயினைத் தாழ்வாக எண்ணும் விருந்தினருக்கு, அதே விலையுள்ள வெளிநாட்டு ஒயினுடன் இப்படி ஒப்பிட்டுக் காட்டலாம். முடிவு எப்படி அமைந்தாலும் உரையாடல் சுவையாக இருக்கும்.

மது தொடர்பான சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதை மறக்கலாகாது. மது அருந்தக் குறைந்தபட்ச வயது கோவாவில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, தில்லியில் 25. மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கும் பீருக்கும் 21 வயது எனில், கடும் மதுவுக்கு 25. பிகாரில் 2016 முதல் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. குஜராத்தில் மாநிலம் உருவான நாள் தொட்டே உள்ளது. வீட்டில் வைத்திருக்கத்தக்க அளவுக்கும் வரம்பு உண்டு. கட்டணம் பெற்று நடத்தும் நிகழ்வாயின் கலால் துறையின் உரிமம் இன்றித் தொடங்கக் கூடாது.

மிஞ்சிய ஒயினை மூடி, சிவப்பாயினும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள்கள் தாங்கும். நுரைக்கும் ஒயின் மட்டும் மறுநாளே உயிரிழந்துவிடும். பாலாடைக்கட்டியை பிளாஸ்டிக் உறையில் இறுக்காமல் வெண்ணெய்த் தாளில் சுற்றி வைக்க வேண்டும். நீலப் பூஞ்சண வகையைத் தனி டப்பாவில் அடைக்கத் தவறினால், அதன் வாடை மறுநாள் காலைப் பால் வரை எட்டும்.