அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் நாற்பத்தேழு கல்வெட்டுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்கள் கருங்கல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, வந்தவர்களின் கையில் கொடுக்கப்படும் சிறு புத்தகத்துக்குத்தான் எங்கள் ஊரில் கல்வெட்டு என்று பெயர். இப்போது நினைவு மலர் என்று அச்சிடுகிறார்கள். அம்மா ஒன்றையும் எறிய விடமாட்டார். செத்தவரின் படம் போட்ட புத்தகத்தைக் குப்பையில் போடக்கூடாது என்பது அவருடைய நியாயம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அதற்கு முந்தியவை எல்லாம் வீட்டோடு போயின. ஆகவே எங்களிடம் இருப்பவை எல்லாம் அதற்குப் பிந்திய மரணங்கள். நாற்பத்தேழில் கடைசியானதை நான் எழுதினேன். அது பெரியம்மாவுடையது.

எழுத உட்காருவதற்கு முன் மற்ற நாற்பத்தாறையும் நிலத்தில் பரப்பி வைத்து வாசித்தேன். தமிழ் படிப்பிக்கிறவளுக்கு இலக்கணம் தெரிந்துகொள்ளாமல் எழுத வராது. கல்வெட்டுக்கும் இலக்கணம் உண்டு. முன்னட்டையில் படம், அதன் இரண்டு பக்கமும் மலர்வு, உதிர்வு என்று திகதிகள். உள்ளே முதலில் திதி வெண்பா. இறந்த வருடத்தின் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாம் நாலு அடிக்குள் வந்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு திவசத்துக்கு நாள் பார்க்கும்போது அந்த ஒரு வெண்பா போதும். பிறகு பஞ்ச புராணம், வாழ்க்கை வரலாறு, துணையின் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். மிச்சப் பக்கங்களை நிரப்பச் சிவபுராணமோ கந்தசஷ்டி கவசமோ இருக்கும். ஒரு கல்வெட்டில் மட்டும் இறந்துபோன அம்மா வைக்கும் ஒடியற் கூழ் எப்படி என்று மகள்மார் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு மா, புளியை எப்போது விடுவது எல்லாம் இருந்தன. பெண்களுக்காக அச்சிடப்பட்ட அத்தனை பக்கங்களில், ஒரு பெண் கையால் செய்த வேலை அளவுகளோடு எழுதப்பட்ட ஒரே பக்கம் அதுதான்.

ஆணின் வாழ்க்கை வரலாறு வேறு விதமாக நகரும். படித்த பள்ளிக்கூடம், முதல் நியமனம், மாற்றலாகிப் போன இடங்கள், சனசமூக நிலையத்தில் வகித்த பதவி, கோயில் பரிபாலன சபை. பெண்ணினுடையதில் வினைச்சொற்கள் மூன்று நான்குதான். பிறந்தார், கரம்பற்றினார், பெற்றெடுத்தார், உபசரித்தார். ஆசிரியையாக இருந்தவருக்கு அரைப் பக்கம் கூடக் கிடைக்கும். கணவருக்கு முந்திப் போனவருக்குப் 'பூவோடும் பொட்டோடும்' என்று ஒரு பாராட்டும் சேரும். கணவருக்குப் பின் இருபது முப்பது வருடம் இருந்தவர்களைப் பற்றி அந்த இருபது முப்பது வருடமும் என்ன செய்தார்கள் என்று ஒரு வரியும் இல்லை.

பெயரைக் கவனித்தேன். திருமதி என்பதற்குப் பின் கணவரின் பெயர், அதற்குப் பின்தான் அவளுடையது. பிறகு அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர். கிளி, ராசாத்தி, குஞ்சக்கா, மணியக்கா. ஊர் அவளை அறிந்தது அந்தப் பெயரில். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்போம். முழுப்பெயர் வாசிக்கப்படும்போது யாருக்கும் ஒன்றும் விளங்காது. உறவுமுறைகளை அடுக்கிக்கொண்டு போய், 'இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும்' என்று வரும்போதுதான் அம்மா 'ஐயோ, எங்கட குஞ்சக்கா' என்று எழும்புவார். எண்பது வருடம் ஊருக்குள் நடமாடிய ஒருத்தியை அடையாளம் காண அவளுடைய புருஷனையும் பிள்ளைகளையும் கடந்து வரவேண்டியிருந்தது.

வீட்டின் கதையும் இப்படித்தான். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை அதை அவளுடைய தனிச்சொத்து என்றே சொல்கிறது. ஆனால் அந்த அசையாச் சொத்தை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வைத்தது. கல்வெட்டுகளில் ஆண்கள் 'வசிப்பிடமாகக் கொண்ட' வீடுகளில் எத்தனை அவர்களுடைய மனைவிமாரின் சீதன வீடுகள் என்று எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் எண்ணிப் பார்த்தேன். அநேகமாக எல்லாம்தான்.

இந்த வடிவம் திடீரென்று வந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு யாழ்ப்பாணத்துக்குள் ஊன்றிய பிறகு பெரிய மனிதர் இறந்தால் சரமகவி அச்சிட்டுக் கொடுப்பது வழக்கமாயிற்று. 1879இல் ஆறுமுக நாவலர் மறைந்தபோது புலவர்கள் பாடிய இரங்கற் பாக்களை இன்றும் எடுத்துச் சொல்வார்கள். படித்தவர்களுக்கும் உடையவர்களுக்கும் உரியதாக இருந்தது பிறகு நடுத்தர வீடுகளுக்கும் இறங்கியது. இறங்கும்போது புலவரும் கூடவே வந்தார். கல்வெட்டிலுள்ள புலம்பல்களை வீட்டுக்காரர் எழுதுவதில்லை. ஊரில் அதற்கென்று ஒருவர் இருப்பார், விபரம் கொடுத்தால் எழுதித் தருவார். எங்கள் பக்கத்தில் இருந்தவர் நல்ல கைகாரர். விதவையின் புலம்பலையும் மகளின் புலம்பலையும் அவரே எழுதினார். வெண்பாவில் தளை தட்டாது. ஆனால் பன்னிரண்டு கல்வெட்டுகளில் பன்னிரண்டு பெண்கள் ஒரே மாதிரி அழுகிறார்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்குப் புறநானூறு எடுக்கும்போது 245ஆம் பாட்டில் நான் எப்போதும் கொஞ்ச நேரம் நிற்பேன். சங்கப் பாடல்களில் கையறுநிலை நிறைய உண்டு. அதியமானுக்காக ஔவை பாடுகிறாள், பாரிக்காகப் பாரி மகளிர் பாடுகிறார்கள், பெண் இறந்ததற்கு ஆண் பாடியது மிக அருமை. அந்த அருமைகளில் ஒன்று இது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, மனைவியைச் சுடலையில் தீக்குக் கொடுத்துவிட்டுத் தான் இன்னமும் உயிரோடு இருப்பதைக் கூச்சத்தோடு சொல்கிறான். உண்மையான துக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாட்டில் அவள் பெயர் இல்லை. பாட்டின் அடிக்குறிப்பிலும் பெருங்கோப்பெண்டு என்றுதான் இருக்கிறது, அரசனின் பெரிய மனைவி. அடுத்த பாட்டு, 246, தீயில் இறங்கப் போகிற ஒருத்தி தன்னைத் தடுக்கும் சான்றோரைப் பார்த்துச் சினந்து பாடியது. அந்தக் கவிஞைக்கும் நமக்குக் கிடைக்கும் பெயர் அதேதான்: பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. போன வருடம் ஒரு மாணவி எழும்பி, 'அடைப்புக்குறிக்குள்ளயாவது ஒரு பேர் போட்டிருக்கலாமே மிஸ்' என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரையின் தலைப்பு அவள் தந்தது.

புலவர் எழுதித் தந்த புலம்பலுக்கு முன்பு பெண்களின் சொந்தப் புலம்பல் ஒன்று இருந்தது, ஒப்பாரி. பெட்டியைச் சுற்றி இருந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சொல்லி அழுவது. அதில் செத்தவரின் பெருமை பாதி என்றால், உயிரோடிருப்பவர்கள்மேல் உள்ள முறைப்பாடு மறுபாதி. வருத்தத்தில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத தமையன், சீதனக் காணியில் பங்கு பிரித்த மைத்துனன், பட்ட கடன், தின்ற அடி எல்லாம் மெட்டோடு வெளியே வரும். மற்ற நாளில் வாய் திறந்தால் அடங்காதவள் என்று பெயர் எடுப்பவள், அன்றைக்கு மட்டும் ஊர் கேட்கச் சொல்லலாம். முற்றத்தில் இருக்கும் ஆண்கள் காது கேளாதவர்கள் மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு பிரேதம் படலையைத் தாண்டும். பெண்கள் படலையடியோடு நின்றுவிட வேண்டும். சுடலைக்குப் போவது ஆண்கள்.

இதைச் சொல்லும்போது ஒப்பாரியைப் பொன்னாக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. துக்க வீட்டில் அழுவதற்கு ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களை வரவழைத்த காலமும் உண்டு. 'கூலிக்கு மாரடிக்கிறது' என்று மனமில்லாமல் செய்யும் வேலையை இன்றைக்கும் ஏளனமாகச் சொல்கிறோம். அந்த மரபுத்தொடருக்குப் பின்னால், அடுத்தவர் வீட்டுச் சாவுக்குத் தன் நெஞ்சில் அடித்துக்கொண்ட ஒரு பெண்ணின் உடம்பு இருக்கிறது. அவளுடைய சாவுக்கு யார் கல்வெட்டு அச்சிட்டார்கள்? 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது போன புத்தகங்களைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். இந்தக் கையளவுப் புத்தகங்கள் நூலகங்களுக்கு வந்தவையே குறைவு. இப்போது நூலகம் நிறுவனத்தார் நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். பெரிய காரியம். ஆனாலும் அச்சிட வசதி இருந்தவர்களின் மரணங்கள்தான் அதிலும் கிடைக்கும்.

அச்சிட வசதி இருந்தும் அச்சிட முடியாதவர்கள் இன்னொரு பக்கம். திதி இல்லாவிட்டால் திதி வெண்பா இல்லை, முப்பத்தோராம் நாளும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வாங்க மறுத்தவர்கள் அவர்களில் பலர். இறந்தார் என்று சொல்லாமல் 'காணப்படாமை'க்குச் சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் வந்தது. அதையும் வேண்டாம் என்றவர்கள் உண்டு. உட்கார்ந்த தாய்மாரில் பலர் இப்போது இல்லை. பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி வயதாகி, நோயாகிப் போய்விட்டார்கள். அப்படி ஒருவருடைய மலர் என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் வழக்கம்போல அடைப்புக்குறிகள்: (கனடா), (பிரான்ஸ்), (லண்டன்). மூன்றாவது மகனின் பெயரைக் 'காலஞ்சென்ற' என்ற வரிசையில் போட முடியாது. இருப்பவர்களின் வரிசையில் போட்டால் நாட்டின் பெயர் வேண்டும். அவனுடைய அடைப்புக்குறிக்குள் (காணாமல் ஆக்கப்பட்டவர்) என்று இருந்தது. வாழ்க்கை வரலாற்றில், அந்தத் தாய் கடைசி வருடங்களில் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறிப் போய் இருந்த கொட்டிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'ஆன்மீகத்தில் நாட்டம் கொண்டார்' என்று இருந்தது.

இவ்வளவையும் வாசித்து, கோபப்பட்டு, குறிப்பும் எடுத்துவிட்டு, நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

பெரியப்பா 1978இல் நெஞ்சுவலியில் இறந்தபோது பெரியம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள். சீதன வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. விடிய எழும்பிச் சமைத்து மூடி வைத்துவிட்டுத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நட, புல்லுப் பிடுங்க, கிளப்பிய வெங்காயத்தைப் பிடியாகக் கட்ட. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிலும் குறைந்த கூலி. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவருடைய விரல்களில் எந்நேரமும் வெங்காய மணம். இவற்றையெல்லாம் ஒரு பந்தியாக எழுதினேன். 'பதினொரு வருடங்கள் தோட்டங்களில் கூலி வேலை செய்து' என்று தொடங்கும் பந்தி. அச்சுக்குக் கொடுக்குமுன் ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மூத்த மகளுக்கு அனுப்பினேன். இரவு அழைப்பு வந்தது.

'எல்லாம் வடிவா எழுதியிருக்கிறாய் தங்கச்சி. அந்தத் தோட்ட வேலையை மட்டும் எடுத்துவிடு.'

'ஏனக்கா? அவ உழைச்சதுதானே.'

'இஞ்ச அவற்ற ஆக்களும் வாசிப்பினம். அவைக்கு உது தெரியாது.'

நான் பெண்களின் உழைப்பைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். மேடையில் சொல்கிற அதே சொற்கள். அக்கா கொஞ்சம் பொறுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: 'பள்ளிக்கூடத்தில என்னை வெங்காயக்காரியின்ர மோள் எண்டுதான் கூப்பிட்டவை. உனக்கு அது தெரியாது. உனக்கு அப்பா இருந்தவர்.'

பந்தியை எடுத்துவிட்டேன். 'தனித்து நின்று மூன்று மக்களையும் வளர்த்தெடுத்தார்' என்று போட்டேன். அச்சகத்தில் பிழை பார்த்த பெடியன்கூட அந்த வரியில் நிற்கவில்லை. அது எல்லாக் கல்வெட்டிலும் இருக்கும் வரி. பெயரை மட்டும் மாற்றிப் போட்டேன். பெரியம்மாவின் பெயர் முதலில், பெரியப்பாவின் பெயர் அடைப்புக்குறிக்குள். அதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள், சனம் குறைந்த பிறகு, நாலு கிழவிகள் வந்தார்கள். கூடத்தில் கதிரை கிடந்தும் குசினிப் பக்கத் திண்ணையில் போய் இருந்தார்கள். கல்வெட்டைக் கொடுத்தேன். ஒருவர் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'தனித்து நின்று' என்ற இடத்தில் அவர் தலையை ஆட்டினார்.

'தனிச்சோ? நாங்கள் அஞ்சு பேரெல்லோ ஒண்டாப் போனனாங்கள்.'

பிறகு அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. எந்தத் தோட்டக்காரர் கூலியை இழுத்தடித்தார், கூலியைக் கூட்டித் தரச் சொல்லி ஒரு காலை ஐந்து பேரும் வரம்பில் உட்கார்ந்தது, அன்று பேசியது பெரியம்மாதான் என்பது, மழைக்காலத்தில் ஒருத்தியின் பிள்ளைக்கு இன்னொருத்தி பால் கொடுத்தது. என் கையில் வேறு கடுதாசி இருக்கவில்லை. கல்வெட்டின் பின்னட்டை உட்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில் எழுதத் தொடங்கினேன். அவர்களுடைய பெயர்களைக் கேட்டேன். நாலு பேரும் ஊர் கூப்பிடும் பெயரைத்தான் சொன்னார்கள். பதினொரு வருடம் என்று நான் குறித்ததை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, வாசிக்கத் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்தவர், விரலை வைத்தார்.

'பதினொண்டு இல்லைப் பிள்ளை. பதின்மூண்டு.'

வெட்டித் திருத்தினேன்.