லான்சருக்கு பெயின்ட் அடிக்காதீங்க!

நம்ம கடம்பத்தூர் பக்கம் அதிகத்தூர்ல கார் தொழிற்சாலை இருக்கே, இப்போ சிட்ரோன் கார் தயாராகுற இடம், அங்கேதான் 1998ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தது. "நேத்து வந்த வண்டிக்கு என்னய்யா சரித்திரம்?"னு கேக்கறீங்களா? சொல்றேன்.

மத்திய அரசின் 2021 விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டிதான் 'வின்டேஜ்'. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். சேஸி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆக, 1998 லான்சருக்கு அந்தத் தகுதி 2048ல்தான்!

அதுவரை எப்படிக் காப்பாத்தறது? பிரேக் சிலிண்டர், டைமிங் பெல்ட், ரப்பர் ஹோஸ் எல்லாம் தேயும். அதையெல்லாம் மாத்தியே ஆகணும், உயிர் விஷயம். ஆனா வெளுத்த பெயின்ட், கதவோரக் கீறல், தேஞ்ச சீட் அப்படியே இருக்கட்டும். துரு பரவாம தடுத்தா போதும். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா ஏற்ற டூரின் சாசனமும், புதுசாக்குவதைவிட இருப்பதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது.

காரணம் எளிது. பெல்ட் தேஞ்சா இன்னொன்னு போட்டுக்கலாம். நம்ம ஊர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த பெயின்டைச் சுரண்டிட்டா, எந்த டிங்கராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வீட்டில் லான்சர் நிக்குதா? பெயின்டர்கிட்ட போகுமுன் ஒருதரம் யோசிங்க மக்களே.