கணக்குப் போட்ட குதிரை



போன வாரம் பேரனுக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னவன் சிரித்துவிட்டு, "தாத்தா, நீங்க தலையாட்டினீங்க, அதான் நிறுத்திட்டேன்" என்றான். தலையாட்டியதாக எனக்கு நினைவே இல்லை. உடனே பெர்லின் குதிரை ஞாபகத்துக்கு வந்தது.

1900-களின் தொடக்கம். வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டென் என்பவர் என்னைப் போல ஓய்வு பெற்ற வாத்தியார், கணக்கு ஆசிரியர். ஹான்ஸ் என்ற தன் குதிரைக்கு முற்றத்தில் கரும்பலகை வைத்து, கேரட்டும் ரொட்டியும் கொடுத்து வருடக்கணக்கில் பாடம் நடத்தினார். கூட்டல், பின்னம், இன்றைக்கு என்ன தேதி என்று எது கேட்டாலும் குதிரை குளம்பால் தட்டி விடை சொன்னது. வேடிக்கை பார்க்கக் காசு வாங்கவில்லை, மனுஷன்!

1904-இல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் 13 பேர் குழு வந்து சோதித்தது. சர்க்கஸ்காரரும் அதில் உண்டு. ஏமாற்று எதுவும் இல்லை என்றார்கள். அது உண்மைதான்.

பிறகு ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஒரு வேலை செய்தார். குதிரையின் காதில் ஓஸ்டென் ஓர் எண்ணைச் சொல்ல, இவர் இன்னோர் எண்ணைச் சொன்னார். கூட்டினால் என்ன வரும் என்பது இருவருக்குமே தெரியாது. குதிரையும் தோற்றது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தாலும் தோற்றது. கேள்வி கேட்டவுடன் மனிதர்கள் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிகிறார்கள். குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் தலை தானாக ஒரு துளி நிமிர்கிறது, குதிரை நிறுத்திவிடுகிறது. அந்த அசைவு செய்தவருக்கே தெரியாது. எல்லாம் தெரிந்த ஃபுங்ஸ்டாலேயே அதை முழுவதும் அடக்க முடியவில்லை. 1907-இல் இதைப் புத்தகமாக எழுதினார்.

நாம் அறிந்து செய்வது கொஞ்சம். நம்மை அறியாமல் உடம்பு செய்வதுதான் அதிகம் போலிருக்கிறது. பாவம் ஓஸ்டென், தன் தலை அசைந்தது என்று நம்பாமல் குதிரை மேல் கோபப்பட்டார். 1909-இல் காலமானார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு வருடம் ஆண்டாய்வின்போது என்னை வகுப்பின் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு அலுவலரே கேள்வி கேட்டார். என்னிடம் தினமும் மணிமணியாகச் சொல்லும் பையன் ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு விழித்தான். திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "அங்கே என்ன பார்வை?" என்று அதட்டினார் அவர். அவர் போனதும், மானத்தை வாங்கிவிட்டாயே என்று முதுகில் ஓர் அடி வைத்தேன்.

அவன் மூன்று வருடமாக வாய்ப்பாட்டைப் படிக்கவில்லை, என் புருவத்தைப் படித்திருக்கிறான். சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் குதிரைக் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அதற்குள் அவன் ஊரை விட்டே போயிருந்தான். உங்களில் யாருக்காவது அவன் தொடர்பு இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். தம்பி, அந்த அடிக்கு என்னை மன்னித்துவிடு.

பேரனிடம் இப்போது முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வாய்ப்பாடு கேட்கிறேன். ஏழாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுமாறுகிறான்.